எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்

ஜூன் 11, செவ்வாய்

இந்த டைரி வண்டிக்காக வைத்திருப்பது. ஆயில் மாற்றிய தேதி, மாற்றிய பாகம், ஓடிய கிலோமீட்டர், அவ்வளவுதான். வீட்டுக் கதையெல்லாம் இதில் எழுதுவதில்லை. இன்று எழுதாவிட்டால் யாரையாவது கை நீட்டிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

மதியம் என் மோட்டார் பம்பு கடையில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் ஒரு சத்தம். டக், டக், டக், டக். இரும்பு வாளிக்குள் சுத்தியலைப் போட்டு ஆட்டுகிற மாதிரி. எவனோ டீசல் வண்டியைக் கொன்றுகொண்டு வருகிறான் என்று பார்த்தால், வந்து நின்றது என் வண்டி! இருபது வருடத்து டர்போ கார். ஊரில் இதற்கு ஜோடி கிடையாது. பெயின்டுக்கே ஒரு வருடம் அலைந்திருக்கிறேன். ஸ்டியரிங்கில் என் தங்கை கோகிலவாணி.

எங்கள் வீட்டில் நிறுத்த இடமில்லை. அதனால் கிணத்துக்கடவு பக்கத்தில் தங்கை வீட்டுக்காரர் தெய்வசிகாமணியின் தென்னந்தோப்பில், அவர் ஷெட்டில்தான் வண்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவேன். அங்கே நிற்கிற வண்டி இங்கே எதற்கு வந்தது?

"யாரக் கேட்டு வண்டிய எடுத்த?"

"அண்ணா, உள்ள போய்ப் பேசலாமுங்களா?"

"மொதல்ல ஆப் பண்ணு! எங்கிருந்து இந்தச் சத்தம்?"

"கேட்டத் தாண்டுனதுல இருந்தே கேக்குதுங்ணா."

கேட்டிலிருந்தே! அத்தனை தூரமும் இந்தச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஓரமாக நிறுத்தி ஒரு போன் போடத் தெரியாதா? கேட்டால் போன் தோட்டத்திலேயே இருக்கிறதாம்.

"டயர்ல காத்து இல்லாமத்தான் எடுத்தனுங்ணா. ரோட்டுக்கு வந்து பங்க்ல அடிச்சுட்டு வந்தேன்."

"காத்துப் பாக்காம வண்டி எடுக்கறதா? இதத்தான் நான் உனக்குச் சொல்லிக் குடுத்தனா?"

கடைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். கையில் பை கூட இல்லை. இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. கியரை முரட்டுத்தனமாகப் போட்டுச் சுளுக்கியிருக்கும். கியர் பாக்ஸ் என்ன கதியோ.

சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், அவ அங்க வந்துட்டாளுங்களா? ஒண்ணுமில்லீங், சும்மா ஒரு பேச்சு. கோவிச்சுட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா. ரெண்டாங் கியர்லயே அலற விட்டுட்டுப் போனத என்ற கண்ணால பாத்தேன். எஞ்சின் போயிருந்தா செலவு என்றது, நானே குடுத்தர்றேன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

மனுஷன் என்றால் இவர். இந்த ஞாயிறு கோயில் காரியம் இருக்கிறதாம், அடுத்த ஞாயிறு வந்து கூட்டிப் போகிறாராம். கோகிலாவிடம் சொன்னேன். "நான் போகமாட்டனுங்ணா" என்றாள். காரணம் கேட்டால் வாசலைப் பார்க்கிறாள்.

ஜூன் 12, புதன்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். மோட்டார் சத்தத்தை வைத்தே பேரிங் போயிருக்கிறதா இல்லையா என்று சொல்கிற காது இது. மேலே சத்தம் இல்லை. அடியிலிருந்து வருகிறது. மிதித்தால் வேகமாகத் தட்டுகிறது, விட்டால் மெதுவாக.

எதிர்வீட்டு ரிட்டயர்டு பேங்க்காரர் பனியனோடு வந்து, "என்னங்க, மாவு மில்லு வெச்சிருக்கீங்களா?" என்றார். போய் உங்கள் ஜன்னலைச் சாத்துங்கள் என்றேன். எண்ணிச் சிரிக்கிறார் மனிதர், காசு எண்ணின மாதிரி.

டயரைப் பார்த்ததும் மறுபடி ரத்தம் கொதித்தது. நான்கும் புதுசு. நான்கிலும் பக்கவாட்டில் வட்டமாகத் தேய்ந்து, ரப்பர் பொடியாக உதிர்கிறது. எந்தச் சந்தில் உரசிக்கொண்டு வந்தாளோ! கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். "ஆமாங்ணா" என்றாள். ஒரு மன்னிப்பு இல்லை, ஒன்றும் இல்லை.

ஜூன் 13, வியாழன்

சிங்காநல்லூர் லாரன்ஸ் அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். ரேஸ் வண்டி பார்த்த கை. சாவியைத் திருப்பியதும் கையை உயர்த்தி, "போதும், ஆப் பண்ணு" என்றார். ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை.

"ராடு நாக்குடா வேலு. பிக் எண்ட் பேரிங் போச்சு. எஞ்சின எறக்கியே ஆவணும்."

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற ராடு, அதன் அடிப்பக்கத்துப் பேரிங். அது போனால் இரும்பும் இரும்பும் மோதித் தட்டும், ஒர்க்‌ஷாப் பாஷையில் அந்தத் தட்டல்தான் நாக்கு. அப்படியே ஓட்டினால் ராடு எஞ்சினைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இந்த எஞ்சினுக்குப் பாகம் வாங்க வெளிநாட்டுக்குத்தான் எழுத வேண்டும்.

"அடியில எங்கியாச்சும் அடி பட்டிருக்குமாண்ணா?"

"கார்டு இருக்குதுல்ல? கீழ குனிஞ்சு பாத்தேன், தட்டாட்ட இருக்குது, ஒரு நெளிவு இல்ல. அதெல்லாம் ஒண்ணுமில்ல. யாரு ஓட்டுனது? தங்கச்சியா? அப்பச் சரி."

கார்டு சங்கதி சரிதான். நம் ஊர் வேகத்தடைகளைக் கட்டுகிறவர்களுக்குத் தாழ்வான கார் மேல் என்ன பகையோ, ஒவ்வொன்றும் குட்டிச்சுவர் மாதிரி. அதனால் எஞ்சினுக்கு அடியில் நானே அளவெடுத்து, கனமான இரும்புத் தகட்டில் ஒரு கார்டு செய்து மாட்டியிருக்கிறேன். லாரி ஏறினாலும் நசுங்காது. இந்த ஊரில் என் கார்டைப் பார்த்து நான்கு பேர் செய்துகொண்டார்கள். ஆகவே அடியில் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை சொன்னதுதான். அலற விட்டு ஓட்டிக் கெடுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அவள் காதுபடவே சொன்னேன். "ஒரு எஞ்சின கொன்னுட்டு வந்து சாவகாசமா அவரைக்கா கிள்ளீட்டு இருக்கறா பாரு." கோகிலா அவரைக்காயைக் கிள்ளிக்கொண்டேதான் இருந்தாள்.

ஜூன் 14, வெள்ளி

வீட்டில் ஒரியாட்டம், பெரிய சண்டை. ஆரம்பித்தது என் மனைவி யசோதா.

"ஏனுங்க, அந்தப் புள்ள கைய ஒருக்காவாச்சும் அவுத்துப் பாத்தீங்களா?"

"சுளுக்குத்தானே. எண்ண போட்டு உருவிவிடு."

"நான் பாத்தனுங்க. நாலு வெரலு அச்சு இருக்குது. கியர் ராடுக்கு வெரலு உண்டுங்களா?"

யசோதாவுக்கு எதையும் பெரிதாக்கித்தான் பழக்கம். புருஷன் பொண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்திருப்பார், வண்டியை எடுக்க விடாமல். எடுக்க விட்டிருக்கக் கூடாதுதான். என் வண்டி பிழைத்திருக்கும்.

அப்படித்தான் சொன்னேன். யசோதா தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனாள். புளிக்குழம்பில் உப்பு அதிகம். பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஒன்பது வருடத்தில் முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டவில்லை. எல்லார் மேலும் எரிச்சல்.

ஜூன் 17, திங்கள்

எஞ்சினை இறக்கும் முன் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. இந்த வண்டியில் நான் வாங்கி மாட்டிய ஆர்பிஎம் மீட்டர் ஒன்று இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு உச்சத்துக்குச் சுற்றியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டி முடித்ததும் நான் அதை அழித்துவிட்டு வருவேன். ஆக, அதில் இருப்பது கோகிலா ஓட்டினதுதான்; புதன்கிழமை நான் நின்ற இடத்தில் மிதித்தது இரண்டாயிரத்தைத் தாண்டாது. எவ்வளவு அலற விட்டாள் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லலாம் என்றுதான் பட்டனை அமுக்கினேன்.

மூவாயிரத்து இருநூறு.

மறுபடி அமுக்கினேன். அதேதான். மூவாயிரத்து இருநூறு என்பது கல்யாண வீட்டுக்குப் பாட்டியை ஏற்றிக்கொண்டு போகிற வேகம். இதில் எந்த எஞ்சினும் சாகாது. சத்தம் கேட்டதிலிருந்து காலைத் தூக்கியே ஓட்டி வந்திருக்கிறாள்.

"அப்ப அலற விட்டது?" என்றேன் லாரன்ஸ் அண்ணனிடம்.

"மீட்டரு ரிப்பேரா இருக்கும்."

என் மீட்டர் ரிப்பேராம்! ஸ்டார்ட் செய்து அவர் முகத்துக்கு முன்னால் முள்ளை ஏற்றிக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை தூரத்திலிருந்து பார்த்திருப்பார். சத்தத்தைக் கேட்டு அலறுவதாக நினைத்திருக்கலாம். நல்ல மனுஷனுக்கும் காது தப்பும்.

ஆனால் "என்ற கண்ணால பாத்தேன்" என்றுதானே சொன்னார்?

ஜூன் 18, செவ்வாய்

இன்று நானே கையில் எடுத்துக்கொண்டேன். ராடு பேரிங் போயிருந்தால் ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டராக, தீப்பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற காயில் வயரைக் கழற்ற வேண்டும். கெட்ட சிலிண்டரில் வெடிப்பு நின்றதும் தட்டல் குறையும். ஒன்றாவதைக் கழற்றினேன், குறையவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. எதிலும் குறையவில்லை. டக் டக் டக் என்று என்னைக் கேலி செய்துகொண்டே இருந்தது.

ஆயிலை வடித்தோம். பேரிங் தேய்ந்திருந்தால் ஆயிலில் ஜிகினா மாதிரி மின்னும். வெயிலில் காட்டி, விரலில் தேய்த்து, காந்தத்தைப் போட்டுத் துழாவினேன். இரும்புப் பொடி துளி போல் ஒட்டியது. பேரிங் பொடி இல்லை.

"ராடு நாக்குன்னு சொன்னீங்களே?"

"முப்பது வருசமா எஞ்சின் பாக்கறேன். எனக்கே பாடம் எடுக்கறியா? எறக்கிப் பாத்தாத் தெரியும்!"

"ஒரு நிமிசம் கேட்டுட்டுத் தீர்ப்பு எழுதுனா முப்பது வருசம் இருந்து என்ன பிரயோசனம்?"

ஸ்பேனரை வீசிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். போகட்டும். எனக்கு லாரன்ஸ் அண்ணன் மேல் வந்த கோபம் சொல்லி முடியாது. சாமியாடி மாதிரி, கேட்டதும் குறி சொல்கிற ஆள். இவர் சொன்னதை வைத்துத்தானே நான் ஒரு வாரமாக வீட்டில் கத்திக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, புதன்

மாப்பிள்ளை போன். ஞாயிறு காலையிலேயே வருகிறாராம். "எஞ்சின எறக்கியாச்சுங்களா மச்சான்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எறக்கச் சொல்லுங்க, எறக்கச் சொல்லுங்க" என்றார். என்ன அவசரம் இவருக்கு?

கோகிலாவை உட்கார வைத்துக் கேட்டேன். அழுகை வேண்டாம், கதை வேண்டாம், சத்தத்தைப் பற்றி மட்டும் சொல் என்றேன். அழ ஒன்றும் இல்லை என்றாள். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"ஷெட்டுல ஸ்டார்ட் பண்ணப்ப இந்தச் சத்தம் இருந்துச்சா?"

"இல்லீங்ணா."

"அப்புறம்?"

"ரிவர்ஸ் எடுத்தேன். அவரு ஓடி வந்து பானட்டத் தட்டுனாரு. ரெண்டு கையிலயும்."

"நான் எஞ்சின் சத்தத்தக் கேக்கறேன்."

"அவரு தட்டறப்ப எஞ்சின் சத்தம் கேக்கலீங்ணா."

எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு கேட்டேன்.

"தட்டல் எங்க ஆரம்பிச்சுது?"

"திருப்ப நேரமில்ல, ரிவர்ஸ்லயே கேட்டுக்குப் போனேன். கேட்டு நடுவுல கதவு நிக்கறதுக்குக் கல்லு பதிச்சிருக்குதுல்லீங்க, அங்க அடியில டம்முன்னுச்சு. அதுக்கப்புறந்தான்."

"அந்தக் கல்லு மேல நான் எத்தன தடவ போயிருக்கேன். ஒரு நாளும் இடிச்சதில்ல!"

"உங்களுக்கு டயர்ல காத்து இருந்துச்சுங்ணா."

"நாலு டயர்லயும் ஒரே நாள்ல எப்படிக் காத்துப் போகும்?"

"எறக்குனாப் போகும்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். ஷெட்டில் எலித் தொல்லை உண்டு, வால்வை எலி கடித்திருக்கலாம் என்று யசோதாவிடம் சொன்னேன். யசோதா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

ஜூன் 20, வியாழன்

கடை திறக்கவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் போய் டயரை மட்டும் மறுபடி பார்த்தேன். சந்தில் உரசினால் வெளிப்பக்கம் மட்டும் தேயும். கை விட்டுத் தடவினேன். உள்பக்கமும் தேய்ந்திருக்கிறது. நான்கிலும். காற்று இல்லாமல் சப்பையாகச் சுருண்டு ஓடினால் மட்டும்தான் இப்படித் தேயும். இது எனக்குத் தெரியாத விஷயமா? பத்து நாளாக இந்த டயரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

எலியாம், எலி!

ஜூன் 22, சனி

லாரன்ஸ் அண்ணன் எஞ்சின் இறக்க ஆள் வரச் சொல்லியிருந்தார். வேண்டாம், முதலில் கார்டைக் கழற்ற வேண்டும் என்றேன்.

"கார்டுல என்னடா இருக்குது? தட்டாட்ட இருக்குதுன்னு சொன்னனல்ல?"

"நான் செஞ்ச கார்டு, நானே கழட்டறேன். நீங்க தள்ளி நில்லுங்க."

சட்டையைக் கழற்றிவிட்டு நானே அடியில் படுத்தேன். கார்டு தட்டு மாதிரிதான் இருந்தது. ஒரு நெளிவு இல்லை. பழைய கீறல்கள் எல்லாம் முன்னாலிருந்து பின்னால் ஓடுகின்றன. ஒரே ஒரு புதுக் கீறல் மட்டும் பின் விளிம்பில் ஆழமாகத் தொடங்கி முன்னால் வந்து மெலிகிறது. பின்னால் போனபோது விழுந்த கீறல். கார்டின் முன்பக்கத்தைச் சரிவாக வளைத்திருக்கிறேன், முன்னால் போனால் எதன் மேலும் வழுக்கிப் போய்விடும். பின்பக்கத்தை வெட்டினபடி விட்டிருக்கிறேன். வண்டி ஓட்டுகிறவன் முன்னால்தானே போவான் என்ற நினைப்பு. ரிவர்ஸில் தப்பித்து ஓட வேண்டி வரும் என்று யார் கண்டார்கள்?

போல்ட் சுலபத்தில் வரவில்லை. கார்டு நெளியாமல், அதைத் தாங்குகிற பின்பக்கத்துப் பட்டைகள் இரண்டும் மடங்கி மேலே ஏறியிருந்தன. கழற்றியதும் தெரிந்தது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற தகரத் தொட்டி, அதுதான் சம்ப். என் கார்டு அப்படியே மேலே போய்ச் சம்பை அமுக்கியிருக்கிறது. கல் தொட்டதோ கார்டை மட்டும்தான். சம்பைக் குழி விழ வைத்தது நான் காவலுக்கு மாட்டிய இரும்பு.

சம்பை இறக்கிக் கவிழ்த்துப் பார்த்தோம். உள்ளே குழி விழுந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளி மாதிரி பளபளப்பு. சுற்றும் கிராங்க் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடத்தைத் தட்டியிருக்கிறது. அதுதான் டக் டக். பேரிங் ஆரோக்கியமாக இருக்கிறது. எஞ்சினுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

லாரன்ஸ் அண்ணன் சம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடச் சீ" என்றார். பிறகு, "சும்மா இருந்த எஞ்சின எறக்கப் பாத்தனே" என்றார். நான் எழுந்து போய் டயர் பக்கத்தில் நின்றேன். நான்கு டயரையும் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகக் காற்று இறக்கியிருக்கிறான். கோபத்தில் ஒரு அடி என்றால் வேறு. இது நான்கு தடவை உட்கார்ந்து எழுந்து செய்கிற வேலை. அப்புறம் எனக்குப் போன் போட்டு, செலவு என்றது மச்சான் என்கிறான்! எஞ்சினை இறக்கச் சொல்லுங்கள் என்கிறான்! இறக்கியிருந்தால் யார் இந்தக் கீறலைப் பார்த்திருப்பார்கள்?

இனி அவர் இவர் என்று எழுத வராது.

சம்பைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன். கோகிலா பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கோகிலா, இதப் பாரு. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. நீ ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்ல. கல்லுலதான் இடிச்சிருக்குது. காத்தெறக்குனது அவன்தான், எனக்குத் தெரிஞ்சுபோச்சு!"

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சம்பைப் பார்க்கவே இல்லை. ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"எனக்கும் தெரியுமுங்ணா. எறக்கறப்ப பக்கத்துல நின்னவ நானு. வந்த அன்னிக்கே சொன்னனல்லீங்க? காத்து இல்லாம எடுத்தேன்னு சொன்னேன். கேட்டுல இருந்து சத்தம்னு சொன்னேன். போகமாட்டேன்னு சொன்னேன். என்ற வாயில வந்தப்ப எல்லாம் பொய்யி. இந்தத் தகரம் சொன்னதும் நம்பிட்டீங்க."

"இல்ல கண்ணு, நான் என்ன நெனச்சேன்னா..."

"கையப் பாத்தீங்களா ஒரு நாளு? டயரத் தடவிப் பாத்தீங்க. ஆயில வெரல்ல தேச்சுப் பாத்தீங்க. என்ற கைய அவுக்கச் சொல்லி ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நாளைக்கு அவன் வரட்டும், இந்தச் சம்ப மூஞ்சிலயே எறியறேன்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் சொன்னேன்.

"எறிவீங்க. வண்டிக்காக எறிவீங்க" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

யசோதா சமையலறை ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை எனக்குப் பரிந்து பேசவில்லை. பேசாததும் சரிதான்.

ஜூன் 23, ஞாயிறு

ஒன்பது மணிக்கு வந்தான். வெள்ளை வேட்டி, பழத்தட்டு, ஒரு சீப்பு செவ்வாழை. வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவனே உட்கார்ந்துகொண்டான். பழத்தட்டு டீப்பாயில் அப்படியே இருந்தது. யசோதா எடுத்து உள்ளே வைக்கவில்லை.

"எஞ்சின் என்னாச்சுங் மச்சான்?"

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல."

"அப்படியா? நல்லதாப் போச்சு. கோகிலா, பொறப்படு. போற வழியில மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டுப் போலாம்."

கோகிலா வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். மணிக்கட்டில் துணி இல்லை. அவிழ்த்துவிட்டிருக்கிறாள். மஞ்சளாக மாறிக்கொண்டிருக்கும் நான்கு தடம். இத்தனை நாள் கழித்து இவ்வளவு தெரிகிறது என்றால் அன்று எப்படி இருந்திருக்கும்!

"நான் வரலீங்க" என்றாள். "நீங்க நாலு டயர்லயும் காத்தெறக்குனதுக்கு அப்புறமும் வெளிய வந்தவ நானு. இனி என்னால அந்தக் கேட்டுக்குள்ள வர முடியாது."

அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"காத்தா? நான் எதுக்குங் மச்சான் எறக்கறேன்? பழைய வண்டி, தானா எறங்கிருக்கும். என்னமோ உளர்றா. இவ சொல்றத நீங்க நம்பறீங்களா?"

சம்ப் பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாக்கோடு இருக்கிறது. கார்டு லாரன்ஸ் அண்ணனிடம் இருக்கிறது. டயர், மீட்டர், கீறல், எல்லாம் என் கையில் இருக்கிறது. கொண்டுவந்து டீப்பாயில் போட்டால் அவன் வாயைத் திறக்க முடியாது. பாதி எழுந்துவிட்டேன்.

கோகிலா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, கொண்டுவா என்றும் சொல்லவில்லை. நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

உட்கார்ந்தேன்.

"நம்பறேன்."

"எத வெச்சு நம்பறீங்க? ஏதாச்சும் ஆதாரம் இருக்குதுங்களா?"

"அவ சொன்னா."

"அவ சொன்னா ஆச்சுங்களா?"

"ஆச்சு. அவ வரமாட்டேன்னும் சொன்னா. அதையும் கேட்டுட்டுக் கெளம்பு."

ஒன்பது வருடத்தில் நான் அவனை ஒருமையில் பேசியது இன்றுதான். முகம் கறுத்துப்போனது. பொம்பளை பேச்சைக் கேட்கிற வீடு உருப்பட்ட மாதிரிதான், உங்கள் டப்பா வண்டிக்கு இனி என் ஷெட்டில் இடமில்லை, இப்படி என்னென்னவோ சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினான். எனக்குக் கையெல்லாம் நமநமத்தது. அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் பேச்சு மறுபடி என்னைப் பற்றியதாக மாறியிருக்கும்.

மாப்பிள்ளை கிளம்பினால் வாசல் தாண்டி ரோடு வரைக்கும் கூடப் போய், வண்டி திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு வருவது எங்கள் வழக்கம். நான் எழுந்திருக்கவில்லை. யசோதா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கோகிலா மட்டும் பழத்தட்டை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள். தட்டை அவன் கார் பானட் மேல் வைத்தாள். திரும்பி வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.